நன்றிக்கடனும் உரிமையும்

“முதலாளி நல்லவரு தம்பி. தீபாவளிக்குத் தவறாம பணம் குடுப்பாரு. சொக்சோவுல சொல்லி அவரை மாட்டி விடணுமா?”

லோரி ஓட்டுநர்களுக்கு உதவப் போகும் சட்டத்துறை மாணவர்களுக்கு, சட்டப் புத்தகத்தில் பதில் இல்லாத கேள்வி இது. பாரம் நிரப்புவது, போலீஸ் புகார் நகல், எம்சி, சம்பளச் சீட்டு தேடுவது எல்லாம் கஷ்டம்தான், ஆனால் பழகிவிடும். மனசாட்சியைத் தொடும் இந்தக் கேள்விக்கு என்ன சொல்வது?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, தொழிலாளியைப் பதிந்து சந்தா கட்டுவது முதலாளியின் கடமை. வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு உதவித்தொகை, இறந்துவிட்டால் குடும்பத்துக்கு மாதாந்திரத் தொகை எல்லாம் இதில் உண்டு. வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் அடங்கும். டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்காக 2017இல் சுயதொழில் செய்வோருக்கான தனிச்சட்டமே வந்தது.

இது தர்மம் போடும் பணமில்லை. நம்ம அம்மாக்கள் கூட்டுக் கட்டுகிறார்களே, அதுபோல. எல்லாரும் போடுகிறார்கள், யாருக்குத் தேவை வருகிறதோ அவர் எடுக்கிறார். எடுப்பவரை யாரும் பிச்சைக்காரர் என்று சொல்வதில்லை.

சரி, நன்றிக்கடன்? நம் மரபில் அது சின்ன விஷயமில்லை. செஞ்சோற்றுக் கடனுக்காகத் துரியோதனன் பக்கம் நின்ற கர்ணனை இன்றும் மதிக்கிறோம். ஆனால் கர்ணன் அந்தக் கடனைத் தன் உயிரைக் கொடுத்து அடைத்தான். கால் உடைந்து கிடக்கும் ஓட்டுநர் எதைக் கொடுத்து அடைக்கிறார்? பிள்ளைகளின் பள்ளிச் செலவை, மனைவியின் நகையை. அது அவர் ஒருவருடைய பங்கு மட்டுமில்லையே! தன்னுடையதை விட்டுக் கொடுத்தால் தியாகம். பிள்ளைகளுடையதை அவர்களைக் கேட்காமல் விட்டுக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்?

தீபாவளிப் பணம் முதலாளியின் அன்பு. சந்தா அவருடைய கடமை. அன்பு காட்டியதால் கடமை தீர்ந்துவிடாது. அவர் உண்மையிலேயே நல்லவர் என்றால், முதலில் அவரிடமே நேரில் போய்ப் பேசலாம். விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டியதும் அவர்தான். நினைவூட்டுவது துரோகமில்லை, தவறைத் திருத்திக்கொள்ள அவருக்குக் கொடுக்கும் வாய்ப்பு.

உதவப் போகும் நமக்கும் ஒரு பாடம் உண்டு. “நான் வாங்கிக் குடுத்தேன்” என்று படம் எடுத்துப் போட்டால், முதலாளி இருந்த இடத்தில் நாம் உட்கார்ந்துவிடுவோம். அவர் தலையில் இன்னொரு நன்றிக்கடன் ஏறும். அதனால் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அக்காவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். சட்டம் சொல்வதை இருவருக்கும் புரியும் தமிழில் சொல்லுங்கள். முடிவை அவர்களே எடுக்கட்டும், கையெழுத்தை அவரே போடட்டும். பலனை எதிர்பார்க்காத சேவை என்று வகுப்பில் படிக்கிறோமே, அதைச் செய்து பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.