மிட்டாய்க்குள் ஒளிந்த நஞ்சு



மீன் கேட்கிற பிள்ளைக்குப் பாம்பைக் கொடுக்கிற தகப்பன் எவனும் இல்லை என்னும் கருத்தைச் சேசுநாதர் சுவாமி ஜனங்களுக்குப் போதித்தார். பழவேற்காட்டு ஏரியை நம்பிப் பிழைக்கிற நமக்கு இந்த உவமையை ஒருவரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. வலையில் மடவையும் இறாலும் ஏறும்போது சிலவேளை பாம்பும் கூடவே ஏறிவிடுகிறது. அதைப் பிரித்தெறிந்த பிறகே கூடை வீட்டுக்குப் போகிறது. ஆனால் பாம்பு மீன் வேஷம் போட்டுக்கொண்டு கூடைக்குள் கிடந்தால் என்ன செய்வது? அப்படிப்பட்ட ஒரு நஞ்சைக் குறித்தே இன்று உங்களோடு பேசவேண்டியிருக்கிறது. அது கஞ்சா கலந்த தின்பண்டம்.

“கஞ்சா என்பது வழிதவறிய வாலிபர் புகைக்கிற பொருள், எங்கள் மூன்று வயதுக் குழந்தைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. கஞ்சாவை இனிப்போடு சேர்த்துத் தின்பது நம் தேசத்தில் புதிதுமல்ல. 1893-94ஆம் ஆண்டுகளில் ஆங்கில அரசாங்கம் நியமித்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு, ‘மாஜூம்’ என்ற கஞ்சா இனிப்பைப் பற்றி விரிவாக எழுதிவைத்திருக்கிறது. அன்று லேகியமாகவும் உருண்டையாகவும் இருந்தது, இன்று பளபளக்கும் காகிதம் சுற்றிய சாக்லேட்டாகவும், ஜெல்லி மிட்டாயாகவும், பிஸ்கோத்தாகவும் வருகிறது. பெரியவன் அதைப் போதைக்காக வாங்குகிறான். குழந்தை அதை மிட்டாய் என்றே எடுத்துத் தின்கிறது. குழந்தையின்மேல் குற்றம் ஏது?

2024 ஜனவரியில் தெலங்கானாவில் ஹைதராபாத்துக்கு அருகேயுள்ள கொத்தூரில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் கஞ்சா சாக்லேட் விற்கப்பட்டதும், அதைத் தின்ற மாணவர் மயங்கியும் நிலைதடுமாறியும் போனதும் வெளிவந்தன. சைபராபாத் போலீசார் விற்றவர்களைக் கைதுசெய்தார்கள். நம் மாநிலத்திலும் கோவை, திருப்பூர், சென்னை முதலிய இடங்களில் இப்படிப்பட்ட சாக்லேட்டுகள் பிடிபட்டிருக்கின்றன. கடல் கடந்த அமெரிக்காவிலோ, ஆறு வயது நிரம்பாத குழந்தைகள் கஞ்சாத் தின்பண்டத்தைத் தவறுதலாகத் தின்றதாக நஞ்சு நிவாரண நிலையங்களுக்கு வந்த செய்திகள் 2017இல் 207, 2021இல் 3,054. இவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை வீட்டுக்குள்ளேயே நடந்தவை என்பதைக் கவனியுங்கள். தெருவிலே அல்ல, வீட்டிலே!

நாமோ ஆந்திர எல்லையின் வாசலில் குடியிருக்கிறோம். ஆந்திர-ஒடிசா மலைப்பகுதியில் விளைகிற கஞ்சா, கல்கத்தா நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே வருகிறது. எளாவூர் சோதனைச் சாவடியில் அது பிடிபடுவதைப் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கிறீர்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாட்டுப் போலீசார் ‘கஞ்சா வேட்டை’ என்ற பெயரிலேயே பெரிய நடவடிக்கை தொடங்கினார்கள். ஆகையால் இது தூரதேசத்துக் கதை என்று ஒருவரும் அலட்சியமாயிருக்க வேண்டாம்.

இந்த நஞ்சு வேலைசெய்யும் விதத்தையும் அறிந்துகொள்ளுங்கள். புகையாக இழுத்த கஞ்சா சில நிமிடங்களில் தலைக்கேறும். தின்ற கஞ்சாவோ குடலில் கரைந்து, ஈரலுக்குப் போய், அங்கே முன்னிலும் வலிய பொருளாக மாறி, அதன்பின்பே மூளையைப் பிடிக்கிறது. அதற்கு அரை மணி நேரமும் ஆகலாம். இரண்டு மூன்று மணி நேரமும் ஆகலாம். இதற்குள் பிள்ளை விளையாடிக்கொண்டுதான் இருக்கும். தாய் மீன் விற்கச் சந்தைக்குப் போயிருப்பாள். ஆயாவின் பார்வையில் இருக்கிற குழந்தை எப்போது எதைத் தின்றது என்று பிறகு ஒருவருக்கும் தெரியாது. பெரியவன் சிறு துண்டாகக் கிள்ளித் தின்பதற்கு வைத்ததைக் குழந்தை முழுவதுமாக விழுங்கிவிடும். பத்துக் கிலோ எடையுள்ள சின்ன உடல் அதை எப்படித் தாங்கும்?

அடையாளங்கள் இவை: வேளையில்லா வேளையில் அயர்ந்த தூக்கம், எழுப்பினாலும் சரியாக விழியாமை, தள்ளாடிய நடை, கைகால் துவளுதல், வாந்தி, கண் சிவத்தல், நாடி வேகமாக அடித்தல். முற்றினால் வலிப்பு வரலாம், மூச்சு மந்தமாகலாம், நினைவும் தப்பலாம். இதைக் காண்கிறவர்கள் கண்ணேறு என்றும், காற்றுக் கருப்பு என்றும் சொல்லி, மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடி, அருமையான நேரத்தை வீணாக்குகிறார்கள். வேண்டாம். ஜெபம் செய்யுங்கள், ஆனால் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டு ஜெபம் செய்யுங்கள்.

அந்நேரத்தில் செய்யவேண்டியது என்ன? உடனே 108க்குப் பேசுங்கள். வாயில் மிச்சமிருப்பதை விரலால் எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீரோ புளித் தண்ணீரோ கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். மயக்கத்திலிருக்கும் பிள்ளைக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சைக் கவனித்துக்கொண்டேயிருங்கள். “தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்” என்று விட்டுவிடாதீர்கள். மிச்சமுள்ள பண்டத்தையும், அதைச் சுற்றியிருந்த காகிதத்தையும் கையோடு கொண்டுபோங்கள். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலுள்ள தேசிய நஞ்சுத் தகவல் மையத்தைக் கட்டணமின்றி 1800 116 117 என்ற எண்ணில் கேட்கலாம். கஞ்சாவுக்கு முறிவு மருந்து கிடையாது. ஆயினும் மூச்சைக் காத்து, பிராணவாயுவும் சலைனும் வேண்டிய அளவு கொடுத்துக் கண்காணித்தால், பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு நாளில் தேறிவிடுகிறார்கள். ஆகையால் பயத்தால் கைகால் ஓய்ந்துபோகாமல், சீக்கிரம் புறப்படுங்கள். நம் குப்பங்களிலிருந்து பொன்னேரிக்கும், அங்கிருந்து சென்னைக்கும் உள்ள தூரம் நீங்கள் அறியாததல்ல.

இப்போது மிக முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பார்: “பிள்ளை என்ன தின்றது?” அந்த நிமிஷத்தில் ஒரு தாயின் நெஞ்சில் நடக்கிற போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மிட்டாய் மூத்த மகனுடைய சட்டைப் பையிலிருந்தது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் மகனுக்கு என்ன ஆகுமோ? ஊர் என்ன பேசுமோ? மகளுக்கு வரன் பார்க்கிற காலத்தில் இந்தப் பெயர் வேண்டுமோ? இப்படி எண்ணி, “ஒன்றும் தெரியாது ஐயா, விளையாடும்போது விழுந்துவிட்டது” என்று சொல்லிவிடுகிறாள். அந்தப் பொய்யை நம்பி டாக்டர் தலையில் அடிபட்டதோ, மூளைக் காய்ச்சலோ என்று தேடுவார். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பார். தலையைப் படம் பிடிப்பார். பிள்ளைக்கு வேண்டாத வேதனை. தாய்க்கு வேண்டாத செலவு. இதற்கிடையில் நேரமும் போய்விடும்.

தாய்மார்களே, ஐந்தாம் கற்பனை உயிரைக் காக்கச் சொல்லுகிறது. எட்டாம் கற்பனை உண்மையைக் காக்கச் சொல்லுகிறது. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் அருகில் இரண்டு கற்பனைகளும் ஒன்றாகிவிடுகின்றன. உண்மையைச் சொல்லுவதே உயிரைக் காப்பது. நஞ்சு சம்பந்தமான காரியமாகையால் போலீசுக்குத் தகவல் போகலாம், அதை மறைக்கமாட்டேன். ஆனால் சட்ட நடைமுறைக்காகச் சிகிச்சை காத்திருக்கக்கூடாது, முதலில் உயிரைக் காக்கவேண்டும் என்று 1989ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மானம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பிள்ளை போனால் எங்கே போய்த் தேடுவீர்கள்?

அந்த மூத்த மகனையும் நாம் தள்ளிவிடலாகாது. அவனும் ஒரு தாயின் பிள்ளை. அவனுக்காகவும் நம் ஆண்டவர் இரத்தம் சிந்தினார். தம்பியோ தங்கையோ துவண்டு கிடப்பதைக் கண்ட நாள் அவன் மனந்திரும்பும் நாளாகலாம். அவனை அடித்து விரட்டுவதால் பயனில்லை. சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். போதையிலிருந்து மீள விரும்புவோருக்கு 14446 என்ற எண்ணில் அரசாங்கத்தின் உதவி கிடைக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும், போதைக்கு அடிமையாகிச் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கு ஆளானவன் தானே முன்வந்து அங்கீகாரமுள்ள நிலையத்தில் முழுச் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெற இடம் வைத்திருக்கிறது. மனுஷர் செய்த சட்டமே திரும்பி வருகிறவனுக்குக் கதவு திறந்து வைத்திருக்க, பெற்றோர் கதவை அடைக்கலாமா?

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்ற விவரம் அச்சிடாத மிட்டாயை, இரட்டிப்பு லாபம் கிடைத்தாலும் வாங்கி வைக்காதீர்கள். குழந்தை நீட்டுகிற நாணயத்துக்கு நஞ்சை விற்றவன், சர்வேசுரனுடைய நியாயாசனத்தில் என்ன கணக்குச் சொல்லுவான்? இப்படிப்பட்ட விற்பனை தெரியவந்தால் 1933 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

ஏரியில் பாடு முறை வைத்து, இன்னார்க்கு இன்ன நாள் என்று ஒழுங்காகத் தொழில் செய்கிற ஜனங்கள் நாம். வீட்டுக்குள்ளும் அப்படி ஓர் ஒழுங்கு வேண்டும். ஆகவே இந்த வாரத்துக்கு மூன்று பிரதிக்கினைகள் செய்துகொள்வோம். முதலாவது, இன்றைக்கே வீட்டிலுள்ள எரவாணம், அலமாரி, சட்டைப் பை, வலைக் கொட்டகை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். மருந்தும் லேகியமும் பூட்டுக்குள் இருக்கட்டும். இரண்டாவது, கீழே கிடந்ததையும் முன்பின் தெரியாதவர் கொடுத்ததையும் வாயில் வைக்காமல், வீட்டில் காட்டிவிட்டே தின்னவேண்டும் என்று பிள்ளைகளுக்கு அன்பாகச் சொல்லிக்கொடுப்போம். மூன்றாவது, பிள்ளை எதையாவது தின்றுவிட்டு வந்து சொன்னால் அடிக்காமலிருப்போம். அடிக்குப் பயந்த பிள்ளை அடுத்தமுறை சொல்லாது.

ஒவ்வொரு குழந்தைக்கும் சர்வேசுரன் ஒரு காவல் சம்மனசைக் கொடுத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிகிற காவலாக உங்களை வைத்திருக்கிறார். நம் மகிமை மாதா, தன் பாலனை ஏரோதன் கைக்குத் தப்புவித்து இராத்திரியோடு இராத்திரியாய் எஜிப்து தேசத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய். நம் பிள்ளைகளையும் அந்தத் தாயாரே காத்து, நமக்கு விழிப்பையும் உண்மை பேசும் தைரியத்தையும் பெற்றுத் தருவாராக.

ஆமென்.