கழித்த உப்பு யாருடையது?

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை விட்டு உட்புறமாகப் பிரியும் சந்து ஒன்றில் தகரக் கூரையிட்ட கொட்டகை ஒன்று இருக்கிறது. உயரமான கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகளைத் துடைத்துக் கொடுக்கும் தொழிலை அங்கிருந்து நடத்தி வருகிறார் நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர். இருவரோடு தொடங்கிய தொழிலில் இன்று எண்மர் உழைக்கின்றனர். விடுதிகளும் மருத்துவமனைகளும் வணிக வளாகங்களும் முகப்பெல்லாம் கண்ணாடியாக எழும்பி நிற்கும் இக்காலத்தில் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. தண்ணீரைத் தூய்மை செய்யும் பழைய இயந்திரம் போதவில்லை, பெரியதாக ஒன்று வைக்கப் போகிறோம், இடத்தை மந்திரித்துத் தர வேண்டும் என்று அவர் கேட்டதால் சென்றோம்.

தீர்த்தம் மந்திரிக்கையில் தண்ணீரோடு சிறிது உப்பைக் கலப்பது திருச்சபையின் நெடுநாளைய வழக்கம். இன்றைய சடங்குமுறையும் அதை விலக்கவில்லை. எரிகோ நகரின் கெட்ட நீரை இறைவாக்கினர் எலிசா உப்பிட்டு நலமாக்கினார் என்னும் அரசர்கள் இரண்டாம் நூலின் நிகழ்ச்சியை அச்சடங்கு நினைவுகூர்கிறது. நாம் உப்பைக் கையில் எடுத்ததைக் கண்ட அந்த இளைஞர் சிரித்துவிட்டார். “சாமி, தண்ணியிலேர்ந்து உப்பை எடுக்க நான் லட்சக்கணக்குல செலவு பண்ணப்போறேன். நீங்க உப்பைப் போடுறீங்களே!”

நாமும் சிரித்தோம். ஆயினும் அச்சொல் நம்மைவிட்டு அகலவில்லை. எடுத்த உப்பு எங்கே போகிறது என்று கேட்டோம். கொட்டகையின் பின்புறம் அழைத்துச் சென்று காட்டினார். ஒரு குழாய் வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுப் பாட்டியின் தோட்டத்தில் இறங்கியது. “வீணாகல சாமி. பாட்டிக்குத்தான் போகுது. ஒரு பைசா வாங்கறதில்ல.” அவர் அதைத் தருமமாகவே எண்ணிச் செய்திருந்தார். பாட்டியும் மகிழ்ச்சியாகவே இருந்தார். அவரைப் பந்தலின் இலை ஓரங்கள் மட்டும் தீய்ந்தாற்போல் கருகியிருந்தன. பாத்தியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

வாசகர்கள் பலரின் வீடுகளில் இன்று ‘ஆர்.ஓ.’ எனப்படும் எதிர் சவ்வூடுபரவல் கருவி இருக்கும். அதன் செயல்முறை எளியது. மிக நுண்ணிய சவ்வு ஒன்றின் வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளுகிறார்கள். நீர் ஊடுருவிச் செல்லும், உப்பில் பெரும்பகுதி இப்பாலேயே தங்கிவிடும். அவ்வாறு தங்கிய உப்பைச் சுமந்துகொண்டு மீதி நீர் வேறு குழாய் வழியே வெளியேறும். தொழிலில் இருப்போர் அதனை ‘ரிஜெக்ட்’ என்பர். நாம் கழிப்புநீர் என்போம். பயன்படத்தக்க இத்தகைய சவ்வை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாவில் உருவாக்கிய இருவருள் ஒருவர் சிட்னி லோப், மற்றவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூரில் உவர்நீரைக் குடிநீராக்க அம்முறை பயன்பட்டது. தாகத்தைத் தணிக்க வந்த கருவி அது. இன்று கண்ணாடிக்கும் அது தேவைப்படுகிறது.

கண்ணாடிக்கு ஏன் இத்தனை தூய நீர்? சாதாரண ஆழ்துளைக் கிணற்று நீரைத் தெளித்து உலரவிட்டால், நீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் வெண்புள்ளிகளாகக் கண்ணாடியில் நின்றுவிடும். ரப்பர் வைப்பரால் இழுத்துத் துடைத்தால் புள்ளி நிற்காது. ஆனால் அதற்கு ஒரு மனிதன் கண்ணாடியின் அருகே இருக்க வேண்டும். மூன்றாம் மாடி என்றால் கயிற்றில் தொங்க வேண்டும். உப்பே இல்லாத நீர் கிடைத்தால் நிலைமை வேறு. நீண்ட கம்பத்தின் முனையில் தூரிகையைப் பொருத்தி, குழாய் வழியே நீரை ஏற்றி, தரையில் நின்றபடியே நாலு மாடி உயரம் வரை தேய்த்துக் கழுவிவிடலாம். துடைக்க வேண்டியதில்லை, தானே கறையின்றி உலரும்.

(நம் முன்னோர் சன்னலைக் ‘காலதர்’ என்றனர். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. காற்றின் வழியைக் கண்ணாடியால் அடைத்துவிட்டு, அந்தக் கண்ணாடியைத் துடைக்க ஆள் தேடுகிறோம். இருக்கட்டும்.)

உண்மையைச் சொன்னால், முதலில் நமக்குக் கோபமே வந்தது. கோடையில் குடத்தோடு பெண்கள் காத்து நிற்கும் சிற்றூர்கள் நிறைந்த மாவட்டம் இது. சாத்தனூர் அணையின் நீர் நகருக்கு வருகிறது. சுற்றியுள்ள ஊர்களிலோ பல வீடுகள் பாறை வெடிப்புகளில் தேங்கிய நிலத்தடி நீரையே நம்பியுள்ளன. அந்த நீரை ஒன்றுக்கு இரண்டாக உறிஞ்சி, விடுதிக் கண்ணாடி பளபளக்க வேண்டுமென்று பாதியைக் கழிப்பதா? இவ்வாறு கேட்கத்தான் வாயெடுத்தோம். அதற்குள் அவர் சொன்னார்: “போன வருஷம் நம்ம பையன் ஒருத்தன் ரெண்டாவது மாடி சன்னல் விளிம்புலேர்ந்து வழுக்கி விழுந்தான் சாமி. தொடை எலும்பு முறிஞ்சுது. அன்னிக்கே முடிவு பண்ணேன், இனி ஒருத்தனையும் மேலே ஏத்தறதில்லன்னு.”

நம் கோபம் அடங்கிற்று. அவர் விரும்பியது பளபளப்பை மட்டுமன்று. எட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளைத் தரையிலேயே நிறுத்திவைக்க அவருக்கு அந்தத் தூய நீர் தேவைப்பட்டது. ஆகவே, இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்னும் வினா நம்மளவில் அங்கேயே முடிந்தது. வேண்டும். முடியாத வினா வேலிக்கு அப்பால் இறங்கிய குழாயைப் பற்றியது.

ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம். அவருடைய கிணற்று நீரில் லிட்டருக்கு 900 மில்லிகிராம் கரைந்த உப்புகள் இருப்பதாக அவரது அளவி காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் 500ஐ ஏற்புடைய அளவாகவும், வேறு நீரில்லாத இடத்தில் 2000ஐ உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. புதிய இயந்திரம் நாளொன்றுக்கு 1000 லிட்டர் தூய நீர் தர வேண்டும். பாதி நீர் கழியுமெனில் 2000 லிட்டர் இறைக்க வேண்டும். அதிலுள்ள உப்பு 1.8 கிலோ. அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தூய நீரோடு செல்லும். எஞ்சியதெல்லாம் கழிப்புநீரில்தான். கழிப்புநீரின் உப்புச் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 1750 மில்லிகிராம் ஆகும். ஆண்டில் 300 நாள் வேலை எனக் கொண்டால், பாட்டியின் தோட்டத்தில் இறங்கும் உப்பு அரை டன்னுக்கும் மேல். சிறிய இயந்திரம் இருந்தவரை ஐப்பசி மழை ஓரளவு கழுவிச் சென்றிருக்கும். ஐந்து மடங்கை எந்த மழை கழுவும்?

நீரைச் சிக்கனமாகக் கழிக்கும் இயந்திரம் வாங்கினால் தீராதா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும், இத்தகைய கருவிகள் இறைக்கும் நீரில் குறைந்தது 60 விழுக்காட்டையாவது பயனுக்குத் தர வேண்டும் என்று வலியுறுத்தியது. அவர் வாங்கவிருப்பது 75 விழுக்காடு தருமானால், 2000 லிட்டருக்குப் பதிலாக 1350 லிட்டருக்குள் இறைத்தால் போதும். மொத்த உப்பும் மூன்றில் ஒரு பங்கு குறையும். நிலத்தடி நீருக்கு அது நல்லது. ஆனால் கழிப்புநீரின் உப்புச் செறிவு இரண்டு மடங்காகிவிடும். 1750 இருந்த இடத்தில் ஏறக்குறைய 3500. சிக்கனம் கிணற்றைக் காக்கிறது, குழாயின் மறுமுனையில் இருப்பவரை மேலும் வருத்துகிறது.

குருமடத்தில் நாம் கற்ற ‘இரட்டை விளைவுக் கோட்பாடு’ இங்கே நினைவுக்கு வந்தது. தற்காப்பைப் பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதியதிலிருந்து வளர்ந்த கோட்பாடு அது. நல்லதோர் செயலால், நாம் நாடாத ஒரு தீமையும் கூடவே விளையுமெனில், சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு அச்செயலைச் செய்யலாம் என்பது அதன் சாரம். அக்கட்டுப்பாடுகளுள் ஒன்று, தீமையே நன்மைக்கு வழியாக இருத்தல் ஆகாது என்பது. அந்த இளைஞருக்காக வாதாட விரும்பும் ஒருவர், தூய நீரையே அவர் நாடினார், கழிப்புநீர் நாடாத பக்கவிளைவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இயந்திரம் அப்படிச் சொல்லவில்லை. கழிப்புக் குழாயை மூடிவிட்டால் உப்பு சவ்வின்மேல் படிந்து, சிறிது காலத்திலேயே அது அடைபட்டுப் போகும். உப்பைச் சுமந்து வெளியேறும் நீர் இருப்பதால்தான் தூய நீர் பிறக்கிறது. அஃது அவர் தூய்மை செய்யும் வழியேயன்றித் தற்செயலான பக்கவிளைவு அன்று. பக்கவிளைவு என்ற பெயரில் அவர் அதைக் கைகழுவ இயலாது.

அதே வேளையில், உப்புநீர் உண்டாவது ஒன்று, அதைப் பாட்டியின் மண்ணில் இறக்குவது வேறொன்று. முன்னது இயந்திரத்தின் இயல்பு. பின்னது குழாயை எங்கே திருப்புவது என்ற மனிதனின் முடிவு. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் நாம் முதலில் தொழிலையே பழித்தோம். அவரோ எதையும் பழிக்கத் தேவையில்லை என்றிருந்தார்.

எண்ணிக்கை நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தைப் படித்தோர் ஒரு விந்தையைக் கவனித்திருக்கலாம். சிவப்புக் கிடாரியின் சாம்பலைக் கலந்து செய்த நீர் தீட்டுப்பட்டவரைத் தூய்மையாக்கும். ஆனால் கிடாரியைச் சுட்டெரித்தவரும் சாம்பலை அள்ளியவரும் மாலைவரை தீட்டுள்ளவர். அந்நீரைத் தெளிப்பவர்கூடத் தம் உடைகளைத் துவைக்க வேண்டும். ஒருவரைத் தூய்மையாக்கினால் அத்தீட்டின் ஒரு பங்கு இன்னொருவர்மேல் படிகிறது என்று அச்சட்டம் எண்ணியது போலும். அத்துடன், படிவது யார்மேல், எதுவரை, அதிலிருந்து அவர் மீள்வது எப்படி என்று வெளிப்படையாக எழுதியும் வைத்தது. பாட்டிக்கு அப்படி எதையும் ஒருவரும் சொல்லவில்லை. இலவசத் தண்ணீர் என்று மட்டுமே அவருக்குச் சொல்லப்பட்டது.

வேலூர் மறைமாவட்டத்து மக்களுக்கு இது புதிய பாடமன்று. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவால் கிணறுகளும் வயல்களும் கெட்ட வரலாற்றை நாம் கண்டிருக்கிறோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை நாட்டின் சட்டத்தில் ஊன்றியது. 2011இல் நொய்யல் ஆற்று மாசு காரணமாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு கொட்டகையின் உப்பை அவற்றோடு ஒப்பிடுவது மிகை என்பதை ஒப்புக்கொள்கிறோம். தோல் கழிவின் நஞ்சு இதில் இல்லை. ஆனால் எந்தத் தொழிற்சாலையும் முதல் நாளிலேயே பெரிதாக இருந்ததில்லை. சிறியதாக இருந்தபோது யாரும் கேட்கவில்லை.

“தம்பி, இயந்திரத்தை வாங்குங்கள். ஆனால் தூய நீர் எப்படி உங்களுடையதோ, கழித்த உப்பும் அப்படியே உங்களுடையது. அது உங்கள் வேலிக்குள்ளேயே இருக்கட்டும்” என்றோம். “இடம் எங்க சாமி இருக்கு?” என்றார். மறுபடியும் தாளை எடுத்தோம்.

கொட்டகையின் கூரை 1000 சதுர அடி. இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் மழை. கசிவும் முதல் மழையின் அழுக்கும் போக எழுபதாயிரம் லிட்டருக்குக் குறையாமல் கிடைக்கும். மழைநீரில் உப்பு மிகச் சொற்பம். தூசியை வடிகட்டி, எஞ்சிய உப்பை ரெசின் குடுவையில் நீக்கினால் கண்ணாடிக்கு அதுவே போதும். சவ்வும் வேண்டாம், கழிப்புநீரும் இல்லை. 2003இலேயே தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அந்தக் கொட்டகையில் மழை இன்னும் தெருவுக்கே போய்க்கொண்டிருந்தது. அத்தனையையும் சேமிக்கும் தொட்டி அவரிடம் இல்லைதான். பத்தாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால், மழை மாதங்களில் நிரம்ப நிரம்ப எடுத்துக்கொள்ளலாம். கோடையில் இயந்திரம் ஓடட்டும். அப்போது கழியும் முந்நூற்றுச் சொச்சம் லிட்டரில் ஒரு பகுதி கழிவறைக்கும் வண்டி கழுவவும் ஆகும். மீதியை அடியில் சிமெண்ட் பூசிய ஆழமற்ற பாத்தியில் வெயிலில் உலர்த்தலாம். நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்தால், முழுவதையும் உலர்த்துவதானாலும் 60 சதுர மீட்டர் மிகாது. வண்டி நிறுத்துமிடத்தில் பாதி போகும். அதுதான் அவருக்குக் கசந்தது.

ஒரு வாரம் கழித்து வந்தார். பெரிய இயந்திரத்துக்குச் சொல்லியாகிவிட்டது. தொட்டிக்குக் குழி வெட்டியிருக்கிறார். கூரையில் தகரத் தாழ்வாரமும் மாட்டியாகிவிட்டது. உலர்த்தும் பாத்தி மட்டும் நாம் சொன்னதில் பாதி அளவே. வண்டியை வெயிலில் நிறுத்த மனம் வரவில்லையாம். வேலியைத் தாண்டிய குழாயை அறுத்துவிட்டார்.

அதனால் பாட்டிக்கு நம்மீது வருத்தம். சும்மா வந்துகொண்டிருந்த தண்ணீரைச் சாமியார் வந்து நிறுத்திவிட்டார் என்று சந்து முழுவதும் சொல்லியிருக்கிறார். அவரைக் கொடியின் இலைகளைக் காட்டி நாம் விளக்கிய எதுவும் அவருக்கு எடுபடவில்லை. மாலையில் கால்மணி நேரம் கிணற்று நீரையே திறந்துவிட அந்த இளைஞர் இசைந்திருக்கிறார். அதற்காகும் மின்கட்டணத்தில் பாட்டி ஏதேனும் தர வேண்டுமா என்பதில் இருவருக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.