பிள்ளைகள் தலையில் விழும் முடிவு

ஹேவாஹெட்ட தோட்ட லயத்தில் ஒரு தாய் பக்கவாதத்தில் விழுந்தால், தலாத்துஓயா வழியாகக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அவர் நினைவின்றிக் கிடக்க, சுவாச இயந்திரம் பொருத்துவதா, குழாயில் உணவு கொடுப்பதா, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி விடுவித்து வீட்டுக்குக் கொண்டுபோவதா என்ற கேள்வி பிள்ளைகளிடம் வரும். ஒரு பிள்ளை கொழும்பில், ஒரு பிள்ளை வெளிநாட்டில். எதைச் சொன்னாலும், அம்மாவைக் கைவிட்டோமோ, வதைத்தோமோ என்ற உறுத்தல் ஆயுள் முழுக்கத் தொடரும்.

அந்தத் தாய் நல்ல நினைவோடு இருக்கும்போதே தம் விருப்பத்தை எழுதிவைத்திருந்தால்? இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இப்படி முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. நடைமுறை கடினமாக இருந்ததால், இரு சாட்சிகளும் நோட்டரியின் சான்றும் போதும் என்று 2023இல் எளிதாக்கியது. இலங்கையில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கத்துக்கு, இறந்தபின் கண்ணை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்திட்டவர்கள் இந்நாட்டில் ஏராளம். சாவைப் பற்றி எழுதுவது அபசகுனம் என்ற தயக்கத்தை அவர்கள் எப்போதோ கடந்துவிட்டார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது கனமானது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் நோயாளிக்குத் துணையிருக்கும் மகளின் நாட்சம்பளம் போகும், வான் கூலி கடனாகும். "எனக்கு ஒன்றும் செய்யவேண்டாம்" என்று ஒரு தோட்டத் தொழிலாளி எழுதினால், அது அவர் விருப்பமா, பிள்ளைகளுக்குப் பாரமாகக்கூடாது என்ற பயமா? வறுமை எழுதவைத்த கையெழுத்தைச் சுதந்திரம் என்று கொண்டாட முடியாது. சுகமாக இருக்கையில் வேண்டாம் என்றவர், நோயில் விழுந்தபின் இன்னும் சில நாள் வாழ ஆசைப்படுவதும் இயல்பே.

இவை எழுதாமல் விடுவதற்கான காரணங்கள் அல்ல. எப்படி எழுதவேண்டும் என்பதற்கான எச்சரிக்கைகள். எது வேண்டாம் என்பதோடு, வலி தணிக்கும் மருந்து, வீட்டில் கண்மூடுவது, தம் மொழியில் விளக்கம் என வேண்டியவையும் அந்த ஆவணத்தில் இருக்கவேண்டும். தமக்காகப் பேசவேண்டியவர் யார் என்பது எல்லாவற்றிலும் முக்கியம். நினைத்தபோது மாற்றி எழுதும் உரிமையும் வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. இந்த வாரமே அம்மாவிடம், அப்பாவிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள்.