காப்புறுதி சீட்டுக் காசா?

குத்துவிளக்கு சரிந்து கம்பளத்தில் எண்ணெய் கொட்டிவிட்டது. வீட்டுக் காப்புறுதியில் இழப்பீடு கேட்கலாமா? நம்மவர் இல்லங்களில் எழும் கேள்வி இது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சேதம் 1,200 டொலர், நாமே பொறுக்க வேண்டிய 'டிடக்டிபிள்' 1,000 டொலர் எனின், பத்திரம் இடங்கொடுத்தாலும் கைக்கு வருவது 200 மட்டுமே. கோரிக்கையும் பதிவாகும், கோரிக்கை செய்யாதோருக்கான கழிவும் போகலாம்.

அடுத்தது மனச்சாட்சி. "இவ்வளவு காலம் கட்டினோமே, எங்கள் காசுதானே" என்கிறோம். சீட்டில் போட்டது திரும்பி வரும். காப்புறுதியோ ஊரிலுள்ள மரண சகாய சங்கம் போன்றது. "எங்கள் வீட்டில் சாவு விழவில்லை, சந்தாவைத் திருப்பித் தாருங்கள்" என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

இங்கும் அப்படியே. 2024 யூலை 16 அன்று பியர்சன் விமான நிலையத்தில் சுமார் 98 மில்லிமீற்றர் மழை பெய்தது. ரொறன்ரோவில் பல நிலக்கீழ் அறைகளில் வெள்ளம் புகுந்தது. தென் ஒன்ராறியோவில் காப்புறுதி செய்யப்பட்ட இழப்பு 94 கோடி டொலருக்கும் மேல். வீடு நனையாதவர்கள் கட்டிய பணமும் அதற்கு உதவியது.

ஆகவே உண்மையான பெரும் இழப்பைக் கேட்பதில் வெட்கமில்லை, அதற்காகவே கட்டுகிறோம். ஆனால் ஏற்கெனவே கிழிந்த சோபாவையும் வெள்ளக் கணக்கில் சேர்த்தால், நாம் கைவைப்பது அயலவரின் உண்டியலில். சிறியதைத் தாங்கிக்கொள்வோம், பெரியதை உள்ளபடி சொல்லிக் கேட்போம்.