தோசைக்கல் தயார், நீங்கள்?

"கிரேக்கத்துச் சகனாகியா? அதெல்லாம் ஹோட்டல்காரன் செய்யறது. நமக்கெங்கே வரும்?"

இந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள்! கூடுவாஞ்சேரியில் விடியுமுன் எழுந்து, ரயிலுக்கு ஓடும் பிள்ளைகளுக்கு இட்லியும் சட்னியும் கட்டிக்கொடுக்கும் கைக்குக் கிரேக்கச் சமையல் பெரிய காரியமா?

சகனாகி என்பது என்ன? உப்புக் கூடிய கெட்டிச் சீஸை வில்லையாக வெட்டி, மாவில் புரட்டி, சிறு வாணலியில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து சூடாகத் தின்பது. அவ்வளவுதான். கிரேக்கர்கள் கெஃபலோதிரி, கிராவியெரா போன்ற சீஸ்களை எடுப்பார்கள். சைப்ரஸ் தீவின் ஹலூமியும் வாணலியில் உருகி ஓடாமல் நிற்கும். இவை நம் கடையில் இல்லையே என்று கைகட்டி நிற்காதீர்கள். பனீரும் ஓடாது! புளிப்பேற்றித் திரித்த பாலின் புரதம் சூட்டில் இறுகுமே தவிர உருகாது. திரிந்த பாலைக் கொட்ட மனமில்லாமல் சர்க்கரை போட்டுக் கிளறிய வீடுகளில் பிறந்தவர்கள் நாம். பால் திரிவதைப் பார்த்து நாமா பயப்படுவது?

ஆவின் ஆரஞ்சு நிற அரை லிட்டர் பாக்கெட் இரண்டு வாங்குங்கள். அதில் கொழுப்பு 6 சதவீதம். பால் பொங்கியதும் இறக்கி, எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து சிறிது சிறிதாக விடுங்கள். பச்சை கலந்த தெளிநீர் பிரிந்ததும் நிறுத்துங்கள். துணியில் வடித்துப் பிழிந்து, அம்மிக்குழவியைப் பாரமாக வையுங்கள். பாரம் குறைந்தால் பனீர் உதிரும்; இந்த இடத்தில் அவசரமே கூடாது. வடித்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், சப்பாத்தி மாவு பிசைய உதவும்.

பனீரில் உப்பில்லை. ஆனால் சகனாகியின் உயிரே உப்புதான்! அரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, அரை அங்குல வில்லைகளை அதில் போட்டு இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஈரத்தோடு மைதாவில் புரட்டி உதறுங்கள். இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் நன்றாகக் காயட்டும். எப்போது காய்ந்தது என்று உங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ஒரு பக்கம் பொன்னிறமானபின் ஒரே ஒரு முறை திருப்புங்கள்.

"இது அசல் இல்லையே" என்று யாராவது உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்களுக்குச் சிகாகோவைக் காட்டுங்கள். சகனாகியில் மதுவை ஊற்றித் தீ மூட்டி, "ஓப்பா!" என்று கூவிப் பரிமாறும் வழக்கம் கிரீஸில் பிறக்கவில்லை. 1968-ல் சிகாகோவின் கிரேக்கர் பகுதியில் தொடங்கிய 'பார்த்தினான்' உணவகத்தில் பிறந்தது என்கிறார்கள். பிழைக்கப் போன ஊரில் அந்தக் கிரேக்கர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நீங்கள் ஏன் கேட்க வேண்டும்? (அந்தத் தீ மட்டும் நம் வீட்டு அடுப்படிக்கு வேண்டாம்.) நம் செங்கல்பட்டுச் சீமைக்கும் கிரேக்கர்களின் மத்தியதரைக்கடலுக்கும் உறவு புதிதுமல்ல. பாலாற்று முகத்துவாரத்தருகே வசவசமுத்திரத்தில், அந்தக் கடல் பக்கத்துச் சாடிகளின் ஓடுகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். அவர்கள் பண்டம் இங்கே வந்திறங்கிய காலத்தில் நம்மவர் கூசி ஒதுங்கவில்லை.

பொரிந்த வில்லைமேல் மிளகுத்தூள் தூவுங்கள், எலுமிச்சை பிழியுங்கள். ஆறினால் இறுகிவிடும், ஆகவே வீட்டில் எல்லோரையும் முதலில் உட்காரவைத்துவிட்டு, பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்!