அப்பா வேலை செய்யும் ஊர்



அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. நம் மஞ்சக்குப்பத்துப் பிள்ளைகள் பலர் இந்த வாரம் குடும்பத்தோடு சென்னைக்குப் புறப்படுகிறார்கள். திருக்குடும்ப விழாவான இன்று நாம் கேட்ட லூக்கா நற்செய்தியும் ஒரு குடும்பம் பெருநகரம் போய்வந்த செய்திதான்.

நாசரேத்திலிருந்து எருசலேம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். பாஸ்கா விழாவுக்காக உறவும் ஊருமாக நாள்கணக்கில் நடந்து போனார்கள். திரும்பும்போது, பன்னிரண்டு வயதுப் பையன் இயேசு சொந்தக்காரர்களோடு வருவான் என்று எண்ணிப் பெற்றோர் ஒரு நாள் தூரம் நடந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் கோவிலில் அவனைக் கண்டதும் மரியா பேசுகிறார். தாம் பட்ட வேதனைக்கு முன்னே தந்தை பட்ட வேதனையைச் சொல்கிறார். யோசேப்பு பேசவில்லை. நற்செய்தி நூல்கள் எதிலும் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. பேசாத அந்தத் தச்சரை நினைத்துத்தான் இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

நம் ஊர்ப் பக்கத்திலும் அப்படிப்பட்ட தகப்பன்மார் உண்டு. கொத்து வேலை, கம்பி கட்டும் வேலை, பெயின்ட் வேலை என்று சென்னையில் தங்கியிருந்து, சனிக்கிழமை இரவு வந்து, திங்கட்கிழமை விடியுமுன் பஸ் ஏறுகிறவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சென்னை என்பது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிற ஊர். அந்த ஊருக்குப் பிள்ளையை அழைத்துப்போகும் அன்றுகூட வண்டலூரையும் மெரினாவையும் காட்டுகிறார்கள். தாங்கள் கட்டிய கட்டடத்தைக் காட்டக் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம், அப்பாமாரே. காட்டுங்கள்.

மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. 1959 ஜனவரி 25 அன்று திறந்தார்கள். பாறையை நெம்பும் நான்கு பேர். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் குறைவு. பக்கத்தில் நிற்கும் அப்பாவின் உள்ளங்கையையும் பிள்ளை தொட்டுப் பார்க்கட்டும். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோ பாதை போடுகிறார்களே, அந்த மாதிரி வேலைகளில்தான் அந்தக் கை காய்த்துப்போகிறது.

பரங்கிமலைப் படிக்கட்டில் ஏறும்போதும் இந்த உழைப்பை நினையுங்கள். அந்தப் படிக்கட்டைக் கட்டுவித்தவர் அர்மீனிய வணிகர் உஸ்கான். நன்றியோடு அவர் பெயரைச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு படிக்கும் கல் சுமந்தவன் ஒருவன் இருந்தான், அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். சாந்தோமில் திருத்தூதர் தோமாவின் கல்லறைமேல் இன்று நிற்கும் ஆலயம் 1896-இல் எழுந்தது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வந்து செபித்த இடம் அது. அங்கே முழந்தாளிடும்போது, சாரத்தில் நின்று அதைக் கட்டியவர்களுக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள்.

தாய்மாரே, மரியாவைப்போல நீங்களும் பிள்ளைகளிடம் தந்தையின் பாட்டை எடுத்துச் சொல்லுங்கள். அவர் தாமாகச் சொல்லமாட்டார்.

இன்னொன்று. இந்த ஆண்டு அப்பாவை இழந்த பிள்ளைகளும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். வேன் பிடித்துப் போகிறவர்கள் அவர்களில் ஒருவரையாவது ஏற்றிக்கொள்ளுங்கள். செலவைப் பற்றித் தயக்கம் இருந்தால், திருப்பலி முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.