குளந் திருத்தலுஞ் சிவதொண்டே

சிவமயம்



திருநீறணிந்து, திருக்கோயிலை வலம்வந்து, திருமுறை ஓதி வழிபடுதல் சிவபுண்ணியமாதலை நம்மவருள் அறியாதார் இலர். அக்கோயிலின் அயலே தூர்ந்து கிடக்குங் குளத்தை அகழ்ந்து திருத்துதலுஞ் சிவபுண்ணியமேயாம். இதனை அறிந்தாருள்ளுஞ் செய்வார் அரியர். ஆதலால் இதனையே இன்று எடுத்துப் பேசப் புகுந்தேம். பஞ்சம் வந்துழியும் நாடு நிலைகுலைந்துழியும் ஓரூர் சிதையாது நிற்றற்கு முதற்காரணம் நீரேயாம். நீரில்லாத ஊரிலே திருமஞ்சனமும் இல்லை. மாகேசுர பூசையும் இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத யாறு ஒன்றேனும் இல்லை. பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையும் பெய்யும் மழைநீரே சுண்ணக்கற்பாறையின் துளைகளிற் புகுந்து தங்கி, நம் கிணறுகளில் ஊறுகின்றது. யாம் இளமையிற் பயின்ற மிஷன் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், கண்ணாடிக் குவளையிற் சாயமூட்டிய உப்புநீரை வார்த்து, அதன்மேல் நன்னீரை மெல்ல ஊற்றிக் காட்டினார். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாய் நின்றன. "உங்கள் கிணறும் இத்தன்மையதே" என்றார். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நிற்குமாயின், அதன்கீழ் ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும்; மேலே ஓரடி குறையின், உவர்நீர் காலப்போக்கில் அவ்வளவு மேலெழும் என்பது நூலோர் கணக்கு. குளங்களோ கடலை நோக்கி ஓடும் வெள்ளத்தைத் தடுத்து நிலத்துள் இறக்குவன. ஆகவே குளத்தைத் தூர்ப்பவன் அயலான் கிணற்றை உவராக்குகின்றான்; தன் கிணற்றையும் உவராக்குகின்றான்.

நம் முன்னோர் துலாவினால் இறைத்தனர். ஒருவர் துலா மிதிப்பர். ஒருவர் பட்டை பிடிப்பர். ஒருவர் பாத்திக்கு நீர் திருப்புவர். அயலான் துணையின்றித் தோட்டம் இல்லை; உடலின் இளைப்பே நீருக்கு அளவாயிருந்தது. இயந்திரம் வந்தபின் அயலானும் வேண்டாதானான், அளவும் ஒழிந்தது. 2022 ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய் கிடையாதொழிந்த நாட்களிலே கலன்களோடு வரிசையில் நின்றோமன்றோ? கிணற்றில் நீரிருந்தும் பயிர் வாடக் கண்டோமன்றோ? இயந்திரந் தீது என்பது எங்கருத்தன்று. அதனையே நம்பி, ஒருவர்க்கொருவர் துணையாதலை மறந்தமையே தீது.

திருவிளையாடற் புராணத்து மண் சுமந்த படலத்தைச் சிந்தியுங்கள். வையை பெருகிக் கரையை உடைத்தபோது, பாண்டியன் ஆணையால் மதுரையார்க்கெல்லாங் கரை பங்கிட்டு அளக்கப்பட்டது. பிட்டு விற்றுண்ணும் வந்தியென்னும் முதியாளுக்கும் ஒரு பங்கு வந்தது. ஒருத்தி பங்கு அடைபடாதாயினும் வெள்ளம் ஊருட் புகும். ஆளில்லாத அவளுக்கு ஆளாய் வந்தவர் யார்? சோமசுந்தரக் கடவுளே கூடையும் மண்வெட்டியுங் கொண்டு வந்து, உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமந்தருளினார். இறைவன் சுமந்த மண்ணை நாம் சுமக்க நாணுகின்றோம்!

அற்றேல், "குளந் திருத்துதல் அரசினர் கடனன்றோ?" எனின், அரசினர் தங்கடனைச் செய்க; அதுவரையும் மழை காத்திராது. தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கண்ணிலாதவர். திருவாரூர்த் திருக்குளம் இடங்குறைந்தமை அறிந்து, தறி நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவி நடந்து மண் சுமந்தார். பிறரை எதிர்பார்த்திலர். கண்ணுடைய நமக்கு யாது தடை?

எங்குற்றத்தையும் மறையாது சொல்வேம். சில ஆண்டுகளின் முன் எமதூர்க் கோயிற் கூட்டத்தில், மிஞ்சிய பணத்தாற் குளத்தைத் திருத்துவதோ, மணிக்கோபுரத்தை உயர்த்துவதோ என்னும் வினா எழுந்தது. முதியவர் ஒருவர் குளத்துக்காகப் பேசினார். அவர் கூற்று உண்மையென அறிந்திருந்தும், யாம் பலர் முகம் நோக்கி வாளாவிருந்தேம். கோபுரம் உயர்ந்தது. இன்று அக்கோயிற் கிணறு உவர்க்கின்றது. அபிடேகத்துக்கு நீர் வண்டியில் வருகின்றது. மணியோசை கேட்குந்தோறும் எம் மௌனமே எஞ்செவியில் ஒலிக்கின்றது.

ஆதலால், அன்பர்களே, ஆனி ஆடியிற் குளம் வற்றிக் கிடக்கும்போது வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வாருங்கள். அகழ்ந்த வண்டலைத் தோட்டத்துக்கு எருவாக இடுங்கள். வெள்ளவாய்க்காலை மதிலால் அடையாதிருங்கள். கரையிலே பனம்விதை ஊன்றுங்கள்; ஒடியலும் பனாட்டும் முன்னோரை வறுமையிற் காத்தவையன்றோ? முதியோர் பங்கையும், கடல்கடந்து போய்ப் பூட்டிக் கிடக்கும் வீட்டார் பங்கையும் அயலவர் சுமந்திடுக. பிறர் பங்கைச் சுமப்பவர் வந்திக்கு ஆளாய் வந்த பெருமான் திருவடி நெறியிலே நிற்பவராவர்.

வருகின்ற ஐப்பசி மழை நங்குளத்திலே தங்குக. அந்நீரே சிவபெருமானுக்குத் திருமஞ்சனமாகுக.

திருச்சிற்றம்பலம்